லண்டனுக்கு முதல் பயணம்: நடந்தே ஊரைப் பார்க்க ஒரு வழிகாட்டி

லண்டனுக்கு முதன்முறையாகப் புறப்படும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கொண்டுவந்து காட்டும் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கும். காலையில் லண்டன் கோபுரம், முற்பகலில் பக்கிங்ஹாம் அரண்மனை, மதியம் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், மாலையில் கிரீனிச், இரவில் பிக்காடில்லி என்று ஊரின் நான்கு மூலைகளும் ஒரே நாளுக்குள் அடங்கியிருக்கும். பல ஆண்டுகளாக மனத்தில் சுமந்த ஊரை ஆறேழு நாள்களில் ஒன்றுவிடாமல் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. என் முதல் பயணத்தில் நானும் அப்படியொரு பட்டியலைத்தான் கையில் வைத்திருந்தேன். ஊர் திரும்பிய பிறகு நினைத்துப் பார்த்தபோது, நகரும் படிக்கட்டுகளும் சுரங்க நடைபாதைகளும்தான் நினைவில் அதிகம் நின்றன. அடுத்தடுத்த பயணங்களில் நான் கற்றுக்கொண்ட முறையை, விசா விண்ணப்பத்திலிருந்து திரும்பும் விமானம் வரை வரிசையாகப் பின்பற்றும்படி இங்கே எழுதுகிறேன். அதன் அடிப்படை எளியது: ஒரு நாளைக்கு ஊரின் ஒரு பகுதி, அந்தப் பகுதிக்குள் முழுவதும் நடை.

ஊரிலிருந்து கிளம்பும் முன்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசா பெற்றாக வேண்டும். சுற்றுலாவுக்கும் உறவினர் வீட்டில் தங்குவதற்கும் உரியது 'ஸ்டாண்டர்டு விசிட்டர்' விசா. அதில் வழக்கமாக ஆறு மாதம் வரை தங்கலாம். பயண நாளுக்கு மூன்று மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்க முடியும். பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் படிவத்தை நிரப்பிக் கட்டணம் செலுத்தி, விசா மையத்துக்கு நேரில் சென்று கைரேகையும் புகைப்படமும் கொடுத்தால், முடிவு வருவதற்குப் பொதுவாக மூன்று வாரம் ஆகும். விடுமுறைக் காலத்தில் விண்ணப்பங்கள் குவியும் என்பதால், இரண்டு மாத இடைவெளியாவது விட்டுக்கொள்வது நல்லது. விசா கையில் கிடைக்கும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத பயணச்சீட்டையும் அறையையும் பதிவு செய்யாதீர்கள். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு விசா தேவையில்லை என்றாலும், 2025 ஜனவரி 8 முதல் 'இ.டி.ஏ.' எனப்படும் மின்னணுப் பயண அனுமதியை அவர்கள் முன்கூட்டியே பெற வேண்டும்.

விண்ணப்பத்தில் நான் பார்த்தவரை பலரும் இடறுவது வங்கிக் கணக்கில்தான். உங்கள் மாத வருமானத்துக்குப் பொருந்தாத பெரிய தொகை விண்ணப்பத்துக்கு முந்தைய வாரத்தில் கணக்கில் வந்து விழுந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் ஆவணத்தையும் சேர்த்தே கொடுங்கள். நிலம் விற்ற பணமோ, முதிர்ந்த வைப்புத்தொகையோ, மகன் அனுப்பியதோ, எதுவானாலும் ஒரு தாளில் விளக்கம் இருக்க வேண்டும்.

எந்த மாதம் செல்வது என்ற கேள்விக்குப் பலரும் குளிரை மட்டும் வைத்து விடை தேடுகிறார்கள். நடந்து பார்க்க விரும்புபவருக்கு வெளிச்சமே முதன்மையானது. ஜூன் மாத இறுதியில் லண்டனில் சூரியன் மறைய இரவு 9.20 ஆகிவிடும், டிசம்பர் நடுப்பகுதியிலோ மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஒரே ஏழு நாள் பயணம் கோடையில் ஏறக்குறைய இருமடங்கு பகற்பொழுதைத் தரும். மே, ஜூன், செப்டம்பர் ஆகிய மூன்று மாதங்களையே நான் எல்லோருக்கும் சொல்வேன். கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்க்க டிசம்பரில் செல்பவர்கள், 25ஆம் தேதி லண்டனில் சுரங்க ரயிலும் பேருந்தும் ஓடாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, அன்று நடந்து செல்லும் தொலைவிலேயே உணவுக்கும் பொழுதுக்கும் வழிசெய்துகொள்ள வேண்டும்.

பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது நன்றாகப் பழகிய காலணி. பயணத்துக்கென்று புதிதாக வாங்கிய காலணியோடு போய், இரண்டாம் நாளே குதிகால் கொப்புளத்தோடு அறையில் முடங்கியவர்களை எனக்குத் தெரியும். கனமான ஒரே கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியக்கூடிய மெல்லிய உடைகளும் தலைமூடியுள்ள மழைச்சட்டையும் அதிகம் பயன்படும், ஏனென்றால் அங்கே ஒரே நாளில் வெயிலும் தூறலும் காற்றும் மாறிமாறி வரும். மின் இணைப்புக்கு மூன்று தட்டையான முனைகள் கொண்ட பிளக் வேண்டும்; மின்னழுத்தம் நம் ஊரைப் போல 230 வோல்ட்தான். நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளை அட்டையிலிருந்து பிரிக்காமல் மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். உறவினர் வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போக நமக்கு மனம் வராது. ஆனால், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சியையும் பால் பொருள்களையும் பிரிட்டனுக்குள் கொண்டுசெல்வதற்கு அனுமதி இல்லை. பால்கோவா, நெய், பால் சேர்த்த இனிப்புகள் எல்லாம் இதில் அடங்கும். முறுக்கு, தட்டை, பொடி வகைகள் என்று மாற்றிக்கொண்டால் சுங்கச் சோதனையில் சங்கடம் இருக்காது.

பணமும் அட்டையும்

லண்டன் பேருந்துகளில் 2014 ஜூலை முதல் ரொக்கம் வாங்குவதில்லை. பல சிறிய காப்பிக் கடைகளில்கூட அட்டை மட்டுமே. ஆகவே, தட்டிப் பணம் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டைதான் உங்கள் முதன்மையான பணப்பை. இந்திய வங்கி அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் திறந்த நிலையிலேயே வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டையும், அதற்குள்ளேயே தட்டிச் செலுத்தும் வசதியையும் தனித்தனியாக வங்கிச் செயலியில் திறந்து, வரம்பையும் நிர்ணயித்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். இதை அங்கே போய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டால், ஒருமுறைக் கடவுச்சொல் வரும் சிம் வேலை செய்யாமல் நிலையத்தின் தடுப்புக் கதவுக்கு முன்னால் நிற்க நேரும். இரண்டு அட்டைகளை எடுத்துச் சென்று, ஒன்றை அறையில் வைத்துவிடுங்கள். கடையில் இயந்திரம் ரூபாயில் செலுத்தவா பவுண்டில் செலுத்தவா என்று கேட்டால், பவுண்டையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தில் கூடுதலாக இழப்பீர்கள்.

வீட்டுப் பெரியவர்கள் தங்கள் பழைய பயணத்தில் மிஞ்சியதாகச் சொல்லி அன்போடு எடுத்துக் கொடுக்கும் நோட்டுகளைக் கவனமாகப் பாருங்கள். காகிதத்தில் அச்சிட்ட 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு கடைகளில் செல்லாது. இப்போது புழங்குபவை எல்லாம் வழுவழுப்பான பாலிமர் நோட்டுகள். முழு வட்டமான பழைய ஒரு பவுண்டு நாணயமும் 2017 அக்டோபரிலேயே புழக்கத்திலிருந்து நீங்கிவிட்டது. இப்போதுள்ளது பன்னிரண்டு பக்கங்கள் கொண்டது. என் மாமா அலமாரியில் துணிகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்து எனக்குக் கொடுத்த 20 பவுண்டு நோட்டைக் கடைக்காரர் இரு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாக என்னிடமே தள்ளினார். அத்தகைய நோட்டுகளை வீணாகப் போயிற்று என்று விட வேண்டியதில்லை. பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன் பழைய நோட்டுகளை எத்தனை ஆண்டு ஆனாலும் மாற்றிக் கொடுக்கும்.

தங்குமிடம்

லண்டன் போக்குவரத்து மையத்திலிருந்து வெளிநோக்கி வட்ட வட்டமான மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் இரண்டு மண்டலங்களுக்குள், ஏதேனும் ஒரு நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் அறையைத் தேடுங்கள். வாடகையில் மிச்சம்பிடிக்க ஐந்தாம் ஆறாம் மண்டலத்துக்குப் போனால், நாள்தோறும் இரண்டு மணி நேரம் ரயிலிலேயே கழியும். ஹீத்ரோவில் இறங்குபவர்களுக்கு பிக்காடில்லி என்ற சுரங்க ரயில் தடத்தில் உள்ள ரஸ்ஸல் ஸ்கொயர், ஏர்ல்ஸ் கோர்ட் போன்ற பகுதிகள் வசதியானவை, ஏனென்றால் விமான நிலையத்திலிருந்து ரயில் மாறாமல் வந்து சேரலாம். பல பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், எந்த மாடி, லிஃப்ட் உண்டா என்று பதிவு செய்யும் முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

இறங்கிய நாள்

குடிவரவு அதிகாரி கேட்பது பெரும்பாலும் நான்கே கேள்விகள்தான்: எதற்காக வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள். தங்குமிட முகவரியும் திரும்பும் பயணச்சீட்டும் காகிதத்தில் கையில் இருக்கட்டும். கைபேசியில் மின்னூட்டம் தீர்ந்துபோகும் நேரம் எப்போதும் அதுவாகத்தான் இருக்கிறது.

ஹீத்ரோவிலிருந்து ஊருக்குள் செல்ல மூன்று ரயில்கள் உண்டு. ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் கால் மணி நேரத்தில் பாடிங்டனுக்குக் கொண்டு சேர்க்கும். கட்டணம் மிக அதிகம், முதன்முறை செல்பவருக்கு அது தேவையில்லை. 2022 மே 24 அன்று திறக்கப்பட்ட எலிசபெத் தடம் அரை மணி நேரத்தில் பாடிங்டனை அடைந்து அப்படியே நகர மையத்தின் ஊடாகச் செல்கிறது. அகலமான பெட்டிகளும் லிஃப்ட் வசதியும் இருப்பதால் பெரிய பெட்டிகளோடு வருபவர்களுக்கு ஏற்றது. மூன்றாவதான பிக்காடில்லி தடத்தில் மையத்தை அடைய ஒரு மணி நேரம் வரை ஆகும், கட்டணம் மூன்றிலும் குறைவு. எனக்கு இந்த மூன்றாவதுதான் பிடிக்கும். ஹவுன்ஸ்லோ பகுதியில் ரயில் தரைக்கு மேலே வந்ததும், செங்கல் வீடுகளின் பின்புறங்களும், துணி காயும் சிறிய தோட்டங்களும், ஒவ்வொரு கூரையிலும் வரிசையாக நிற்கும் புகைபோக்கிகளும் பேரன்ஸ் கோர்ட் வரை இருபுறமும் ஓடிவரும். அஞ்சலட்டையில் பார்த்திராத இந்த லண்டன்தான் முதலில் கண்ணில் படுகிறது.

விடுதிகள் பொதுவாகப் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அறை தருகின்றன. அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தால் பெட்டிகளை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அன்று எந்த இடத்துக்கும் நுழைவுச்சீட்டு வாங்கி வைக்காதீர்கள். கோடையில் நான்கரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் இந்திய நேரத்தைவிடப் பின்தங்கிய ஊர் அது. மாலை ஏழு மணிக்கே கண் சொக்கும். அருகிலுள்ள பூங்காவில் ஒரு மணி நேரம் நடந்து, குடிக்கத் தண்ணீர்ப் புட்டியைக் குழாயில் நிரப்பிக்கொண்டு (குழாய் நீரைத் தயங்காமல் குடிக்கலாம்), வெளிச்சம் மங்கும் வரை உறங்காமல் இருந்தால், மறுநாள் காலை உடல் ஊரோடு இசைந்துவிடும்.

ரயிலும் பேருந்தும்

லண்டனில் தனியாகப் பயண அட்டை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் வங்கி அட்டையை மஞ்சள் வட்டத்தில் தட்டி உள்ளே சென்று, இறங்கும் நிலையத்தில் மீண்டும் தட்டி வெளியே வந்தால் போதும். ஒரு நாளில் எத்தனை முறை பயணம் செய்தாலும் ஒரு உச்சவரம்புக்கு மேல் பணம் எடுக்கப்படாது. இதில் மறக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. உள்ளே எந்த அட்டையைத் தட்டினீர்களோ, அதே அட்டையைத்தான் வெளியேறும்போதும் தட்ட வேண்டும். அதே வங்கி அட்டையைக் கைபேசியில் ஏற்றி வைத்திருந்தாலும், கைபேசி ஒன்று, பிளாஸ்டிக் அட்டை ஒன்று என இரண்டாகவே இயந்திரம் கணக்கிடும். மாற்றித் தட்டினால் முடிவடையாத இரு பயணங்களாகக் கருதி, இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணத்தை எடுத்துவிடும். ஒருவருக்கு ஒரு அட்டை வேண்டும் என்பதும் இதனால்தான். 11 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பெரியவர்களோடு சுரங்க ரயிலில் கட்டணமின்றிச் செல்லலாம். 11 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு 'ஆய்ஸ்டர்' எனப்படும் லண்டன் பயண அட்டையை வாங்கி, நிலைய ஊழியரிடம் 'யங் விசிட்டர்' சலுகையைப் பதிந்துகொண்டால் 14 நாள் வரை பாதிக் கட்டணம்தான்.

பேருந்தில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும், இறங்கும்போது தட்ட வேண்டாம். முதல் முறை தட்டிய ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் ஒரே கட்டணம்தான். மாடிப் பேருந்தின் மேல்தளத்தில் முன்வரிசை இருக்கையில் அமர்ந்து ஊரைப் பார்ப்பதற்கு, சுற்றுலாப் பேருந்துக்குக் கொடுக்கும் தொகையில் மிகச் சிறிய பகுதியே செலவாகும். நகரும் படிக்கட்டில் நிற்பவர்கள் வலப்பக்கம் நிற்க வேண்டும், இடப்பக்கம் நடப்பவர்களுக்கு உரியது. இதைக் கடைப்பிடிக்காதபோதுதான் லண்டன்காரர்களின் முகம் சுளிப்பதைப் பார்க்க நேரும். வார நாள்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் சுரங்க ரயிலில் கட்டணமும் கூட்டமும் அதிகம். வெள்ளி, சனி இரவுகளில் விக்டோரியா, ஜூபிலி தடங்களும் மேலும் சில தடங்களின் பெரும்பகுதியும் விடிய விடிய ஓடும்.

சுரங்க ரயில் வரைபடத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாம் போடும் தவறான திட்டங்களுக்கெல்லாம் பிறப்பிடம் அதுதான். ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931இல் வரைந்து 1933இல் வெளியான அந்த வடிவம், தொலைவைப் பொருட்படுத்தாமல், எந்த நிலையத்துக்குப் பிறகு எந்த நிலையம், எங்கே மாற வேண்டும் என்பதை மட்டும் நேர்கோடுகளில் காட்டுகிறது. ரயிலுக்குள் இருப்பவருக்கு அதைவிடத் தெளிவான படம் கிடையாது. ஆனால், தரைக்கு மேலே நடப்பவரை அது முற்றிலும் ஏமாற்றும். லெஸ்டர் ஸ்கொயர், காவென்ட் கார்டன் நிலையங்களுக்கு இடையே உள்ள தண்டவாளத் தொலைவு ஏறக்குறைய 260 மீட்டர்தான். அதற்காக முழுக் கட்டணம் செலுத்தி, சுரங்கத்துக்குள் இறங்கி, மீண்டும் ஏறிவருபவர்களை நாள்தோறும் பார்க்கலாம். காவென்ட் கார்டனில் லிஃப்டுக்குக் காத்திருக்க மனமில்லாமல் படிக்கட்டில் கால் வைத்தால், 193 படிகள் ஏற வேண்டியிருக்கும். உங்கள் திட்டத்தை எப்போதும் தெருக்களைக் காட்டும் வரைபடத்தில் போடுங்கள். ரயில் படத்தை நிலையத்துக்குள் நுழைந்த பிறகு மட்டும் பாருங்கள்.

பகுதி பகுதியாக ஊர்

முதல் முழு நாளுக்கு ப்ளூம்ஸ்பரியை நான் பரிந்துரைக்கிறேன். 1759இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இங்கேதான் இருக்கிறது; நுழைவு இலவசம், நேரம் குறிப்பிட்ட இலவசச் சீட்டை இணையத்தில் எடுத்துக்கொண்டால் வரிசை குறையும். வெள்ளிக்கிழமைகளில் இரவு 8.30 வரை திறந்திருக்கும். எல்லோரும் ரொசெட்டா கல்லையும் எகிப்திய மம்மிகளையும் நோக்கி ஓடுவார்கள். நீங்களும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால், 33ஆம் அறையைக் கடந்து 33ஏ என்ற கண்ணாடி அறைக்குள் நுழைய மறக்காதீர்கள். கிருஷ்ணா ஆற்றங்கரையில் இருந்த அமராவதிப் பௌத்தத் தூபியின் கற்கள் அங்கே நிற்கின்றன. 1845இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பி, அங்கிருந்து கப்பலேறியவை அவை. உடன்பிறந்த கற்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. ஒரு பலகைக் கல்லின் முன்னால் மட்டும் பத்து நிமிடம் நில்லுங்கள். அதன் ஒரு முகத்தில், புத்தரின் உருவமே இல்லாமல், போதி மரத்தடியில் ஒரு வெற்று இருக்கையை மக்கள் வணங்கி நிற்கிறார்கள். அது பொது ஆண்டுக்கு முந்தைய முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து யாரோ அந்தக் கல்லைத் திருப்பி, மறுமுகத்தில் அந்தத் தூபியையே, சிங்கங்களும் வாயிலும் மேலே பறக்கும் தேவர்களுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். இடிந்து மறைந்த தூபி முழுமையாக எப்படி இருந்தது என்பதை நாம் அறிவதே இப்படிப்பட்ட கற்களால்தான்.

அருங்காட்சியகத்துக்குப் பின்புறம் ஐந்து நிமிடம் நடந்தால், சோவாஸ் கல்லூரி வளாகத்தில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. அங்கிருந்து வடக்கே டாவிஸ்டாக் சதுக்கத்தில், 1968இல் நிறுவப்பட்ட காந்தி சிலையைக் காணலாம்; சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் அந்த உருவத்தின் பீடத்தில் மலர் வைப்பதற்கென்றே குடைவு விடப்பட்டிருக்கிறது. இன்னும் பத்து நிமிட நடையில் பிரிட்டிஷ் நூலகம். அதன் கருவூலக் காட்சிக்கூடத்தில் இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு விதித்த 1215ஆம் ஆண்டுச் சாசனமான மாக்னா கார்ட்டாவை இலவசமாகப் பார்க்கலாம். காலையில் தொடங்கி மாலையில் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் முடியும் இந்த நாளில் நீங்கள் சுரங்க ரயிலில் ஏறுவது இரண்டே முறைதான்.

இரண்டாம் நாள் தேம்ஸ் ஆற்றின் தென்கரை. வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்தைவிட்டு வெளியே வந்து நிமிர்ந்தால், பல ஆண்டுகளாகப் படத்தில் பார்த்த கடிகாரக் கோபுரம் தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த நொடிக்காக யாரும் முன்கூட்டியே ஆயத்தமாகிவிட முடியாது. பிக் பென் என்பது உள்ளே தொங்கும் மணியின் பெயர், கோபுரத்துக்கு 2012 முதல் எலிசபெத் கோபுரம் என்று பெயர். பாலத்தைக் கடந்து இடப்பக்கம் திரும்பி, ஆற்றைவிட்டு விலகாமல் டவர் பிரிட்ஜ் வரை நடந்தால் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். வழியில் வாட்டர்லூ பாலத்தின் அடியில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும். மின் நிலையமாக இருந்து 2000ஆம் ஆண்டில் கலைக்கூடமான டேட் மாடர்னின் எதிரே, ஆற்றின் மீது நடைபாலம்; அதன் மறுமுனையில் செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடம். 1666 செப்டம்பரில் நான்கு நாள் எரிந்த தீயில் பழைய பேராலயம் அழிந்த பிறகு கிறிஸ்டோபர் ரென் எழுப்பியது அது. அந்தத் தீ தொடங்கிய புட்டிங் லேன் ரொட்டிக்கடையை நினைவூட்டும் தூண் லண்டன் பாலத்தின் வடமுனையில் நிற்கிறது. தூணின் உயரமும் அந்தக் கடை இருந்த இடத்துக்கும் தூணுக்கும் இடையிலான தொலைவும் ஒன்றே, 202 அடி. 311 படிகள் ஏறக் கால் இருப்பவர்கள் மேலே சென்று வரலாம். பரோ சந்தையில் மதிய உணவு சாப்பிட நினைப்பவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்க்க வேண்டும்.

இரட்டைக் கோபுரங்களோடு படங்களில் வருவது 1894இல் திறக்கப்பட்ட டவர் பிரிட்ஜ். லண்டன் பாலம் அதற்கு மேற்கே உள்ள எளிய கான்கிரீட் பாலம். வண்டியோட்டியிடம் இடம் சொல்லும்போது இந்தக் குழப்பம் வேண்டாம். டவர் பிரிட்ஜின் வடகரையில் உள்ள லண்டன் கோபுரத்துக்குக் கட்டணம் அதிகம். கோஹினூர் பதித்த அரச குடும்பத்து மகுடம் அங்கேதான் இருக்கிறது. போவதென்றால் அதற்கு அரை நாளைத் தனியாக ஒதுக்கி, இணையத்தில் சீட்டு எடுத்து, திறக்கும் நேரத்துக்கே சென்று, முதலில் நகைக் காட்சிக்கூடத்துக்குப் போய்விடுங்கள்.

மூன்றாம் நாள் கிரீனிச். படகில் செல்வது சிறப்பு. 1675இல் நிறுவப்பட்ட வானாய்வகத்தின் முற்றத்தில், உலகின் கிழக்கையும் மேற்கையும் பிரிக்கும் கோட்டின் இருபுறமும் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அப்போது உங்கள் கைபேசியில் தீர்க்கரேகையைப் பாருங்கள், சுழியம் இருக்காது. செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் கோடு அங்கிருந்து 102 மீட்டர் கிழக்கே, பூங்காவின் நடைபாதையைக் கடந்து செல்கிறது. பழைய கோடு உள்ளூர் ஈர்ப்பு விசையின் திசையை வைத்துக் கணக்கிடப்பட்டது, புதியது பூமியின் மையத்தை வைத்து; அதனால் வந்த வேறுபாடு அது. கிழக்கே நடந்து, எண்கள் குறைந்து சுழியமாகும் இடத்தில், யாருமில்லாத புல்தரையில் நிற்பது குழந்தைகளுக்கு அந்த நாளின் மறக்க முடியாத நிகழ்வாகிவிடும். பிற்பகல் ஒரு மணிக்கு ஆய்வகக் கூரையில் சிவப்புப் பந்து கீழே விழும். ஆற்றில் நின்ற கப்பல்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள 1833இல் தொடங்கிய வழக்கம். திரும்பும்போது, கட்டி ஸார்க் கப்பலின் அருகே இறங்கும் 1902ஆம் ஆண்டின் நடைச் சுரங்கத்தின் வழியாக ஆற்றுக்கு அடியிலேயே நடந்து வடகரைக்குச் செல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

மற்ற பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிரஃபால்கர் சதுக்கத்தையும், அங்குள்ள இலவசமான தேசிய ஓவியக் கூடத்தையும், காவென்ட் கார்டனையும் ஒரு நாளில் சேர்க்கலாம். தெற்கு கென்சிங்டனின் மூன்று பெரிய அருங்காட்சியகங்களும் இலவசம். மழை பெய்யும் நாளுக்கு அவற்றை வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் மூன்றையும் முடிக்க முயலாதீர்கள். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் நுழைவுக் கட்டணம் அதிகம் என்று நினைப்பவர்கள் மாலை வழிபாட்டுக்குச் செல்லலாம். கட்டணம் இல்லை, சுற்றிப் பார்க்கவோ படம் எடுக்கவோ கூடாது, ஆனால் அந்தக் கல் விதானத்தின் கீழ் அமர்ந்து பாடகர் குழுவைக் கேட்கலாம். அரண்மனையின் காவல் மாற்று நிகழ்ச்சி நாள்தோறும் நடப்பதில்லை. முதல் நாளே தேதியைச் சரிபாருங்கள்.

ஒரு பிற்பகலை சாக் ஃபார்ம் நிலையத்துக்கு அருகே உள்ள கிங் ஹென்றிஸ் சாலைக்கு ஒதுக்குங்கள். 1921–22இல் மாணவராக அம்பேத்கர் தங்கியிருந்த 10ஆம் எண் வீடு இப்போது நினைவில்லம். அங்கிருந்து ப்ரிம்ரோஸ் குன்று மிக அருகில்; உச்சியில் நின்றால், நீங்கள் நாள்கணக்கில் நடந்த ஊர் முழுவதும் ஒரே பார்வையில் கிடைக்கும். பயணத்தின் கடைசி நாள்களில் இதை வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அதற்குள் எந்தக் குவிமாடம் எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கவனமாக இருக்க வேண்டியவை

லண்டன் பொதுவாகப் பாதுகாப்பான ஊர். ஆனால், சாலையோரத்தில் கைபேசியைப் பார்த்தபடி நிற்பவரிடமிருந்து இருசக்கர வாகனத்தில் வந்து அதைப் பறித்துச் செல்வது பரவலாக நடக்கிறது. வழி பார்க்க வேண்டுமானால் சாலை விளிம்பைவிட்டு விலகி, ஒரு கடையின் வாசலுக்குள் நின்று பாருங்கள். ஆபத்துக்கு 999, அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு 111. மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் வெளிநாட்டவருக்குக் கட்டணம் மிக அதிகம் என்பதால் பயணக் காப்பீடு இல்லாமல் செல்ல வேண்டாம்.

உணவகங்களில் 12.5 விழுக்காடு சேவைக் கட்டணம் பெரும்பாலும் ரசீதிலேயே சேர்க்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் வைக்க வேண்டியதில்லை. நாள்தோறும் உணவகத்தில் சாப்பிட முடியாதவர்கள் பல்பொருள் அங்காடிகளில் சாண்ட்விச், நொறுக்குத்தீனி, பானம் மூன்றையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் 'மீல் டீல்' வாங்கிப் பூங்காவில் சாப்பிடலாம்; சைவ உணவுப் பொட்டலங்களில் தெளிவான குறியீடு இருக்கும். சோற்றுக்கு நாக்கு ஏங்கும் நாளில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி ஆகிய மூன்றில் எது அருகிலோ அங்கே செல்லுங்கள். கடைப் பலகையிலேயே தமிழைக் காணலாம். கடையில் நுழைந்ததும் 'ஆல் ரைட்?' என்று கேட்டால், அது நலம் விசாரிப்பு அல்ல, வணக்கம்தான். அதையே திருப்பிச் சொன்னால் போதும்.

திரும்பும் நாள்

விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக ஹீத்ரோவில் இருப்பதுபோலக் கணக்கிட்டு, அதோடு ஒன்றரை மணி நேரப் பயணத்தையும் சேர்த்துக் கிளம்புங்கள். வார இறுதியில் சில தடங்கள் பராமரிப்புக்காக மூடப்படுவதுண்டு என்பதால், முதல் நாள் இரவே போக்குவரத்துச் செயலியில் உங்கள் தடத்தைப் பார்த்துவிட வேண்டும். எந்த முனையம் என்பதையும் அப்போதே உறுதிசெய்யுங்கள். நான்காம் ஐந்தாம் முனையங்களுக்கு ரயில்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. கடைகளில் வாங்கிய பொருள்களுக்கான வரியை விமான நிலையத்தில் திரும்பப் பெறும் முறை 2021 ஜனவரி முதல் அங்கே இல்லை, ஆகவே அதற்காக ரசீதுகளைச் சுமந்து வரிசையில் நிற்க வேண்டாம். மிஞ்சிய நாணயங்களை நிலையத்தின் காப்பிக் கடையிலேயே செலவழித்துவிட்டு, நோட்டு மிஞ்சினால் அடுத்து செல்பவருக்குக் கொடுங்கள், அலமாரியில் துணிக்கு அடியில் வைக்காதீர்கள். பிக்காடில்லி தடத்தில் திரும்புபவர்கள் ஏர்ல்ஸ் கோர்ட்டுக்கு முன்பே சன்னலுக்கு எதிரான இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேரன்ஸ் கோர்ட்டில் ரயில் மேலே வந்ததும், அதே செங்கல் வீடுகளும் புகைபோக்கிகளும் ஹவுன்ஸ்லோ வரை மீண்டும் உடன் வரும்.